டார்ச் பிடித்தது என் பையன்

கடைமடைக்காரன் கேட்டது:

வணக்கம். இதை எந்தப் பகுதியில் போடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். விவசாயப் பகுதியில் போட்டால் பூச்சிமருந்து சொல்வீர்கள், ஆன்மிகப் பகுதியில் போட்டால் பரிகாரம் சொல்வீர்கள். அதனால் பொதுவில் போடுகிறேன்.

எனக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. பத்து மா நிலம், கணக்குக்கு மூன்று ஏக்கர் முப்பது சென்ட். பகலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், விடியலிலும் சாயங்காலமும் வயல். எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆற்றின் பெயர் அரிச்சந்திரா நதி. நான் சொல்லப்போவதைப் படித்தால் இந்தப் பெயருக்காகவே சிரிப்பீர்கள்.

2023 குறுவை பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 12ஆம் தேதி வழக்கம்போல மேட்டூரைத் திறந்தார்கள், நாங்களும் நம்பி விதைத்தோம். அப்புறம் வரத்து இல்லை, அணை இறங்கிக்கொண்டே போனது. ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபர் 10ஆம் தேதியே நிறுத்தினார்கள். கடைமடையில் எங்களுக்கு ஆவணியிலேயே வாய்க்காலில் ஈரம்தான் வந்தது. வந்ததை ஊருக்குள் நாங்களே முறை வைத்துக்கொண்டோம். ஒரு ராத்திரிக்கு ஒருவர் வயல்.

எனக்கு மேல்வயல்காரர் சித்தப்பா முறை. அன்று அவர் முறை. என் பயிர் தொண்டைக்கதிர், அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற பருவம். அந்த நேரத்தில் காயவிட்டால் கதிர் வெளியே வராது, வந்தாலும் பதர்தான். என் முறைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவர் மடையைத் திறந்து வயலுக்குள் தண்ணீரை விட்டுவிட்டு வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார். ராத்திரி ஒரு மணிக்கு நான் போய், இரண்டு வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்டேன். நாலு மணிக்குச் சேறு வைத்து அடைத்து, மிதித்து, மேலே கோரையைப் பிடுங்கி நட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கினேன்.

இதுவரை சாதாரணத் தண்ணீர்த் திருட்டு. இதற்காக நான் இங்கே வரவில்லை. கூடப் பையன் இருந்தான்.

அப்போது அவனுக்கு எட்டு வயது. மனைவி ஒரு துக்கத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள், அவனைத் தனியாக விட்டுவர முடியாது. தலையில் துண்டைக் கட்டி, கையில் டார்ச்சைக் கொடுத்துக் கூட்டிப்போனேன். நான் வெட்டும்போது வெளிச்சத்தை மண்வெட்டி படுகிற இடத்திலேயே ஆடாமல் பிடித்தான். நடுவில் தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டார்ச்சை அணைத்துவிட்டான். அணைத்ததோடு இல்லை, அதன் கண்ணாடியை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. இருட்டிலேயே முதுகில் தட்டி, 'கெட்டிக்காரன்டா' என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றோம். வெடித்த மண் தண்ணீர் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், கேட்டவர்களுக்குத் தெரியும், பொளுக் பொளுக் என்று. 'அப்பா, வயல் பேசுது' என்றான். மகனோடு அவ்வளவு நேரம் தனியாக உட்கார்ந்தது எனக்கும் அதுதான் முதல் தடவை.

2024இல் அணை திறந்ததே ஜூலை 28. நான் குறுவை போடவில்லை. இந்த வருஷம், 2025இல், ஜூன் 12க்கே திறந்தாயிற்று, தண்ணீரும் தட்டில்லை. போன வாரம் சாப்பிடும்போது பையன் கேட்கிறான், 'அப்பா, ராத்திரி எப்பப்பா போறோம்?' எங்கே என்றேன். 'அன்னிக்கு மாதிரி. டார்ச் எடுத்துக்கிட்டு. தாத்தாவுக்குத் தெரியாம.' தாத்தா என்றது சித்தப்பாவை. கண்ணெல்லாம் சிரிப்பு. இந்த வருஷம் தண்ணீர் இருக்கு, போக வேண்டியதில்லை என்றேன். முகம் தொங்கிவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

என் தாத்தா ஔவையார் தனிப்பாடல் ஒன்றை அடிக்கடி சொல்வார். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று தொடங்குமே, அது. நடையும் பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்று முடியும். பிறவிக் குணம் என்றால் நான் கவலைப்பட ஒன்றுமில்லை, அவன் எப்படியோ அப்படித்தான். பழக்கம் என்றால் நான் ஒரு ராத்திரி நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறேன், சன்மானத்தோடு.

நல்ல கதைகளும் சொல்லித்தான் வளர்க்கிறேன். திருவாரூருக்குக் கூட்டிப்போய்க் கல்தேரைக் காட்டி மனுநீதிச் சோழன் கதை சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, 'அந்த அண்ணன் கன்னுக்குட்டிய வேணும்னா ஏத்துனாரு?' என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

கேட்க வந்தது இதுதான். ஒரு ஆளுக்கு நல்ல குணம் எப்படிப் படிகிறது? சொல்லியா, பார்த்தா, செய்தா? அந்த ராத்திரி நாம் செய்தது திருட்டு என்று இப்போது அவனிடம் சொல்வதா, விட்டுவிடுவதா? சொன்னால் அப்பாவோடு இருந்த நல்ல ஞாபகத்தை நானே பிடுங்குகிறேன்.

---

மண்வெட்டி:

அண்ணே, கடைமடையில் தண்ணி திருடாத ஒரு ஆளைக் காட்டுங்க, நான் காலில் விழுறேன். எங்க ஊரில் முறை வைக்கிற நாட்டாமையே ராத்திரி மண்வெட்டியோட போவாரு. பையன் நாலு வருஷத்தில் மறந்துடுவான். அது சரி, 2023ல என்ன ரகம் போட்டீங்க? மாவுக்கு எத்தனை கண்டது?

கடைமடைக்காரன்:

ஆடுதுறை 43. எனக்கு மாவுக்கு ஏழு மூட்டை. சித்தப்பாவுக்கு ஐந்து. மறந்துவிடுவான் என்கிறீர்கள். எட்டு வயதில் என் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்து எங்கெல்லாம் கூட்டிப்போனார் என்று எனக்குத் தெரு தெருவாக ஞாபகம் இருக்கிறது.

---

கொசுறுக்கடை:

தம்பி, நான் கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எனக்கு ஔவையாரோடு சண்டை போடுகிற தகுதி இல்லை, ஆனால் அந்தக் கடைசி வரியைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்.

பத்து வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் உட்காருவேன். அப்போது தட்டுத் தராசு. முள் நேராக நிற்கும்வரை பொறுக்க வேண்டும், தட்டில் கை படக்கூடாது. இதெல்லாம் எல்லாக் கடையிலும் சொல்வதுதான். எங்கள் அப்பா அதற்கு மேலே ஒன்று வைத்திருந்தார். எடை முடிந்து பொட்டலம் மடிக்கும் முன்னால், மூட்டையிலிருந்து மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்துப் போட வேண்டும். கொசுறு. கேட்டவருக்கு மட்டும் இல்லை, கேட்காதவருக்கும். கடனுக்கு வாங்குபவருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், 'போடு' என்பார், அவ்வளவுதான்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஒரு நாள் பூராவும் சிட்டையில் கோடு போட்டுக் கணக்கெடுத்தேன். துவரம்பருப்பு மட்டும் அரைக் கிலோவுக்குப் பக்கம் போயிருந்தது. சாயங்காலம் அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். 'கூட்டல் சரியா இருக்கு' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. பதினாறு வயதில் ஒரு நாள் அப்பாவுக்குக் காய்ச்சல், கடையில் நான் மட்டும். ஒரு அம்மா நூறு கிராம் புளி வாங்கினார். அவர் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. பொட்டலத்துக்கு நூல் சுற்றும்போதுதான் கவனித்தேன், கொசுறு ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. நான் போட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. விரல் போட்டுவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

இப்போது எலெக்ட்ரானிக் தராசு. கிள்ளிப் போட்டால் 1.006 என்று எண் காட்டிக்கொடுக்கிறது, வாங்குபவர் 'கூட வந்துருச்சும்மா' என்கிறார். கூச்சமாக இருக்கிறது, தானம் செய்கிற மாதிரி. அதனால் தராசிலிருந்து எடுத்த பிறகு போடுகிறேன். கொடை பிறவிக் குணம் என்கிறார்கள், என் கைக்கு அது பிறவியில் வரவில்லை தம்பி. பத்து வயதில் வந்தது, வேண்டா வெறுப்பாக வந்தது.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு ஒரு அண்ணனும் உண்டு. அதே கடை, அதே அப்பா, அதே மூன்று விரல். அண்ணன் கடையில் இன்றைக்கும் கொசுறு போடுவார். அம்மா போனபிறகு பாகம் பிரித்தபோது இரண்டு சங்கிலி எடைக்கே வரவில்லை. கை பழகியது கடையில்தான் போலிருக்கிறது, பீரோவுக்கு அந்தப் பழக்கம் போய்ச் சேரவில்லை. அதனால் பழக்கம்தான் எல்லாம் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். அவனுக்கு அந்த ராத்திரி பிடித்தது திருட்டுக்காகவா? டார்ச், அப்பா, கடலை மிட்டாய். அதே மூன்றையும் வைத்துக்கொண்டு வேறு வேலைக்குக் கூட்டிப்போங்கள்.

---

மன்னார்குடி வாத்தியார்:

ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நீளமாக எழுதுகிறேன் என்று வீட்டிலேயே புகார் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கார அம்மா சொன்னதை 2,300 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். அறிவுத் திறம் பெரும்பாலும் கற்பித்து வருவது, ஒழுக்கம் பழகி வருவது என்பது அவர் கட்சி. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தன் ஆகிறான், நரம்புக்கருவி வாசித்து வாசித்துத்தான் வாசிப்பவன் ஆகிறான், நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறான். இதைப் பள்ளிக்கூட விழாக்களில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். அதற்கு அடுத்து அவர் சொல்வதை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை: கெட்ட வாசிப்புக்காரன் ஆவதும் அதே வாசித்து வாசித்துத்தான். தஞ்சாவூர் வீணையே வாங்கிக் கொடுத்தாலும் தப்பாகப் பழகின விரல் தப்பாகவே ஓடும், திருத்துவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். சங்கீத வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தட்டுதான், முதுகில் தட்டிக்கொடுத்தது. அரிஸ்டாட்டில் இன்னொன்றும் சொல்கிறார், அதைத் தன் ஆசிரியர் பிளேட்டோ சொன்னதாகவே சொல்கிறார். எதில் மகிழ வேண்டும், எதில் வருந்த வேண்டும் என்பதைச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும், சரியான வளர்ப்பு என்றால் அதுதான். நல்லதை மனம் நொந்து செய்பவன் பாதி வழியில் நிற்கிறான், செய்து மகிழ்பவனே வந்து சேர்ந்தவன். இந்தக் கணக்கில் பார்த்தால் பையன் வரப்பு வெட்டக் கற்றுக்கொண்டது சின்ன விஷயம், அதை மறுபடி எப்போது என்று ஆசையாகக் கேட்கிறானே, அதுதான் பாடம் ஏறிவிட்டதற்கு அடையாளம். பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் தூக்கம் கெட்டது சரியான இடத்தில்தான் என்று சொல்கிறேன்.

நம்மிடமும் இருக்கிறது. 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு.' மேட்டூரிலிருந்து கிளம்புகிற அதே தண்ணீர் எங்கள் ஊர்க் கேணியில் இனிக்கிறது, உங்கள் பக்கம் கடலோரக் கேணியில் கரிக்கிறது. இனம் என்று வள்ளுவர் சொன்னது கூடச் சேர்ந்த கூட்டத்தை. எட்டு வயதுப் பையனுக்கு இனம் நீங்கள்தான்.

சொல்வதா விடுவதா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். உபதேசம் வேண்டாம். நான் 31 வருஷம் அதைச் செய்து சம்பளம் வாங்கியவன், அதன் விலை எனக்குத் தெரியும்.

---

தலைமடை:

நான் பாபநாசம் பக்கம், இப்போது சென்னையில் வேலை. கல்லூரியில் உளவியல் படித்தேன். எங்கள் வயலுக்குக் குடமுருட்டித் தண்ணீர். உங்களுக்கு வந்து சேரும் முன்னால் எங்களுக்கு இரண்டு நனைப்பு ஆகியிருக்கும். எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் திருடியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். சொல்வார்தான், யார் வயலில் போய்த் திருட வேண்டும், வாய்க்கால் அவர் தலைமாட்டில் ஓடியது.

அதனால் எனக்குக் குணம் என்ற பேச்சிலேயே கொஞ்சம் சந்தேகம். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு 1973இல் வெளிவந்தது. பாதிரியாராகப் படிக்கிற மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். சிலருக்குப் பேச்சின் தலைப்பே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவினவன் கதை. போகிற வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு முனகிக்கொண்டு வாசற்படியில் சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு. நின்று உதவியவர்கள் யார்? நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம். சரியாகப் போய்ச் சேரும் நேரம் என்று கேட்டவர்களில் 45. தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10. எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது பெரிதாக எதையும் மாற்றவில்லை. சமாரியன் கதையைப் பேச ஓடியவர்களில் சிலர் படுத்திருந்தவரைத் தாண்டியே போனார்கள்.

அதற்கும் முன்னால், 1928இல் ஹார்ட்ஷோர்ன், மே என்பவர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். பரீட்சையில் ஏமாற்றின பிள்ளை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. இடத்துக்கு இடம் மாறியது. கொசுறுக்கடை அக்கா, உங்கள் அண்ணன் அங்கே இருக்கிறார், கடையில் ஒருவர், பீரோ முன்னால் ஒருவர்.

அண்ணே, உங்கள் பயிர் தொண்டைக்கதிர், முறைக்கு ஐந்து நாள். என்னைக் கேட்டால் அந்தப் பத்து சதவீதத்தில் நிற்க முடியாமல் போனீர்கள், அவ்வளவுதான். பையனுக்குக் குணம் ஊட்டுவதை விட, முறைச் சீட்டை டீக்கடையில் ஒட்டி, காய்கிற பயிருக்கு முறை மாற்றித் தரலாம் என்று ஊரில் ஒரு வழக்கம் கொண்டுவாருங்கள். பாதி ஊர் யோக்கியமாகிவிடும்.

மன்னார்குடி வாத்தியார்:

தம்பி, நல்ல ஆய்வு. முறைச் சீட்டு யோசனையும் சரி. ஆனால் எனக்கு அந்த 10 சதவீதத்தின் மேல்தான் கண். ஓடு ஓடு என்று விரட்டியும் நின்றானே, அவனை எந்த வீட்டில் யார் வளர்த்தார்கள் என்று அந்த ஆய்வில் கேட்டார்களா?

தலைமடை:

மாட்டிவிட்டீர்கள் ஐயா. மதப்பற்று எந்த மாதிரி என்று கேட்டுப் பார்த்தார்கள், நிற்பதற்கும் அதற்கும் தெளிவான தொடர்பு இல்லை. வீட்டு வளர்ப்பைப் பற்றி நான் படித்த பாடத்தில் ஒன்றும் இல்லை.

மண்வெட்டி:

ஏழு மூட்டையா! 2023ல எனக்கு மூணு.

---

கடைமடைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி உபதேசம் செய்யவில்லை. ராத்திரி திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது சொன்னேன். அன்றைக்கு நாம் எடுத்தது தாத்தா முறைத் தண்ணீர், கேட்காமல் எடுத்தால் திருட்டு, அதைச் செய்தது நான், உன்னைக் கூட்டிப்போனதும் தப்பு என்றேன். பேசாமல் இருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். 'தாத்தாவுக்கு எத்தனை மூட்டை கொறைஞ்சுது?' என்றான். என்னைவிட மாவுக்கு இரண்டு குறைச்சல் என்றேன். தாத்தாவுக்கு எத்தனை மா? எட்டு. 'பதினாறு' என்றான். கணக்கப்பிள்ளை மகன், வேறெப்படி இருப்பான்.

அது அப்படி நேர்க் கணக்கு இல்லை, மண் வேறு, உரம் வேறு, மூன்று மணி நேரத் தண்ணீருக்குப் பதினாறு மூட்டை ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆலையில் தினமும் இந்த மாதிரி விளக்கம்தான் எழுதுகிறேன். சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் இருந்த நெல்லில் இரண்டு மூட்டையை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் வைக்கோலைப் பிரித்துக்கொண்டே, 'தெரியும்' என்றார்.

'உன் கால் எனக்குத் தெரியாதா, கட்டைவிரல் வெளியே தள்ளிக்கிட்டு. வெடிஞ்சு வந்து பாத்தேன், சேத்துல அச்சு அச்சா இருந்துது. பக்கத்துலேயே சின்னக் காலு. பெரிய காலை அப்படியே விட்டுட்டேன், எவனாவது பாத்து உன்னைக் கேக்கட்டும்னு. ஒருத்தனும் கேக்கல. சின்னக் காலை மட்டும் மண்வெட்டியால இழைச்சு விட்டேன். ஊர்க்காரன் பாத்தான்னா புள்ளைக்குப் பேரு வச்சுடுவான்.'

இரண்டு வருஷம் கல்யாணத்திலும் காரியத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூட்டையை இறக்க விடவில்லை. 'தூக்கிட்டுப் போ. இப்ப எனக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியல. நண்டு வளை போட்டு வரப்பெல்லாம் ஒழுகுது, தண்ணி நிக்க மாட்டேங்குது. பையனை அனுப்பு, டார்ச் பிடிக்க' என்றார். என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை, பாம்பு பயம். எனக்கும் உண்டு. யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் பையன் நின்றிருந்தான். வண்டியைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான்.

'பதினாறுல ரெண்டுதான் எடுத்துட்டுப் போனீங்களா? அதையும் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா?'

கொசுறுக்கடை:

ஐயோ. கூட்டலைச் சரிபார்த்துவிட்டான். டார்ச் பிடிக்கப் போனானா தம்பி?

கடைமடைக்காரன்:

நேற்றுப் போனான் அக்கா. அவன் அம்மா கணுக்கால் வரை மூடுகிற செருப்பு வாங்கிக் கொடுத்துத்தான் விட்டாள், அதை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறான். டார்ச்சுக்குப் புது பேட்டரி கேட்டு வாங்கிக்கொண்டான். பத்து மணிக்கு வந்தான், முழங்கால் வரை சேறு. ஏழு நண்டு வளை அடைத்தார்களாம். தாத்தா என்ன பேசினார் என்று கேட்டேன். சொல்லவில்லை.